ஒருத்திக்காகவும் எரியட்டும்

கொஜே தீவு,
புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுவாரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாரே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். இந்தப் பேச்சைப் போனில் எடுத்தாலே உனக்கு அடுப்பில் ஏதோ பொங்கிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ துணியில் கட்டிக் கொடுத்த கிம்ச்சி ஊறுகாய் ஜாடி கசியாமல் வந்து சேர்ந்தது. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் எங்கள் கூட்டம் ஒரே மத்தியானத்தில் காலி செய்துவிட்டது. சுன்னம் அக்கா ஜாடியைக் கவிழ்த்து, கடைசிச் சாற்றையும் சோற்றில் ஊற்றிக்கொண்டு, "உங்கம்மா இங்க வந்து கடை போட்டா நான் இந்த வேலைய விட்டுட்டுப் பாத்திரம் தேய்க்க வந்துருவேன்டி" என்றாள். ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிட்டேனோ என்று கவலைப்படாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தாண்டுக்கு நான் வந்தபோது வீடு அடுப்பு மாதிரி இருந்தது. பாய்லரின் வெந்நீர் அடியில் ஓடி ஓடி, தரையில் பாதம் வைக்க முடியவில்லை. நீ மெல்லிய சட்டையோடு விசிறிக்கொண்டே அரிசிக் களி சூப்பு ஊற்றினாய். "பாரு, டாக்டர் சொன்ன மாதிரியே வச்சிருக்கேன்" என்றாய். நான் நம்பினேன். போன குளிர்காலத்தில் நீ நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, இன்னொரு தடவை வந்தால் இந்த நுரையீரல் தாங்காது, வீட்டைச் சூடாக வைத்திருங்கள் என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

பனி கொட்டி, தெற்கே வரும் பஸ் நின்றுபோய் நான் கிளம்பிய அன்றே வீட்டுக்குத் திரும்பி வந்திராவிட்டால் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பேன். பூட்டின் எண்ணை அழுத்தி உள்ளே வந்தேன். சாயங்காலம்தான், ஆனால் விளக்கு இல்லை. டிவி வெளிச்சத்தில் நீ பஞ்சுக் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, வெந்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிப் பிடித்தபடி சுருண்டிருந்தாய். பாய்லரில் "வெளியே" பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் குழாய் உறையாமல் இருக்க அழுத்திவிட்டுப் போகிற பொத்தான். நீ எங்கே அம்மா போயிருந்தாய்?

என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினாய். "திருடி மாதிரி நுழையற! ஒரு போன் பண்ணிட்டு வந்தா கை தேஞ்சுருமா?" அடுத்த நொடியே எழுந்து பாய்லர் பக்கம் ஓடினாய். "இப்பத்தான்டி குறைச்சேன். ரொம்பப் புழுங்குச்சு" என்றாய். புழுங்குகிறது என்று சொன்ன வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நம் இருவருக்கும் தெரிந்தது, இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அம்மா, உன் சிக்கனத்தில் வளர்ந்தவள் நான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிசி களைந்த தண்ணீர் குழம்புக்கு, அடுத்த தண்ணீர் முகம் கழுவ, அதிலும் மிச்சம் இருந்தால் மிளகாய்ச் செடிக்கு. தேய்ந்த சோப்புத் துண்டுகள் வெங்காயம் வந்த வலைப்பைக்குள். குளிர் தொடங்கினால் ஜன்னலுக்குத் தண்ணீர் தெளித்துக் குமிழித் தாள் ஒட்டுவோம். நான் குமிழிகளைப் பட் பட்டென்று உடைப்பேன். "அடியே, அது விளையாட்டுச் சாமானா? ஜன்னலோட சட்டைடி!" என்று தலையில் குட்டுவாய். அப்பா உனக்குத் தெரியாமல் இன்னொரு குமிழியை உடைப்பார்.

மற்ற அறைகளுக்குப் போகும் வெந்நீர்க் குழாயை மூடிவிட்டு மூன்று பேரும் ஒரே அறையில் படுப்போம். தரை மிகவும் சுடுகிற மூலையில் அப்பாவின் சோற்றுக் கிண்ணத்தைக் கம்பளிக்குள் புதைத்து வைப்பாய். தூக்கத்தில் நான் காலை நீட்டினால், "அப்பா சோத்த உதைக்காதடி!" என்று உன் குரல் வரும். பஸ் ஓட்டிவிட்டு வந்து அவர் மூடியைத் திறக்கும்போது ஆவி எழும். உலகத்தில் அதைவிட நல்ல வாசனையை நான் இன்னும் முகரவில்லை.

அந்தச் சிக்கனத்தில் மூடிய குழாயின் சூடு நம் மூவருக்கும் வந்து சேர்ந்தது. அப்பாவும் போன பிறகு, இப்போது நீ மூடுகிற சூடு யாருக்குப் போகிறது? நீ தரை துடைக்கிற அந்தக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் ராத்திரி முழுக்க வெறும் சோபாக்களுக்குச் சூடு ஓடுகிறது. துடைக்கிற நீங்கள் மாடிப்படிக்கு அடியில் அட்டையை விரித்துச் சாப்பிடுகிறீர்கள். டிவியில் ஒருத்தி பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் மிச்சம் பிடிக்க வழி சொல்கிறாள். "இவளுக்கு நான்தான்டி பாடம் எடுக்கணும்" என்று நீ சிரித்தாய். சோபாவுக்குச் சூடு போடுகிறவனிடம் போய் அவள் பாடம் எடுக்க மாட்டாள். எப்போதும் உன்னைப் போன்றவர்களிடம்தான் வருவாள்.

அன்று படுக்கும்போது, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒருத்திக்காக வீடு பூரா எதுக்குடி சூடு?" என்றாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே வார்த்தைதான். நான் வந்தால் எரிகிறது, நான் போனால் அணைகிறது. அப்படியென்றால் அந்த வீட்டில் நீ ஆளே இல்லையா?

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இந்தக் கடிதத்தை இங்கே என் அறையில் கோட்டு போட்டுக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். என் பாய்லரிலும் அதே பொத்தான்தான் எரிந்துகொண்டிருந்தது. நானும் ஒருத்திதானே என்ற நினைப்பு. உன் கேள்வியை மேலே எழுதிய பிறகு எழுந்து போய் அதை மாற்றிவிட்டு வந்தேன். இப்போது தரை மெல்லச் சூடேறுகிறது. கோட்டைக் கழற்றிவிட்டேன். எழுத்துக்கூடக் கொஞ்சம் நேராகியிருக்கிறது, பார்.

அரிசித் தண்ணீரில் முகம் கழுவிக்கொள். சோப்பை வலைப்பையில் போட்டுக்கொள். அதையெல்லாம் நான் கேட்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நேராகப் பாய்லரிடம் போ. சுடுகிற மூலையில் உன் சோற்றுக் கிண்ணத்தைக் கம்பளிக்குள் வை. வேலை முடிந்து வந்து, மூடியைத் திறந்து, ஆவி பறக்கச் சாப்பிடு.

அடுத்த குளிர்காலத்திலும் நீ என்னைத் திருடி என்று திட்ட வேண்டும், அம்மா. நான் சொல்லாமல்தான் வருவேன்.

உன் மகள்,
நாரே