மைமூனுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி

1958 ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கடை வாசலில் காயப்போட்ட தார்ப்பாய் இரண்டு தடவை பறந்து எதிர்க்கடை கூரையில். எதிர்க்கடைக்காரர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும், ஆடிக் காற்று என் கையிலா இருக்கிறது?

வேலை: ஸ்ரீரங்கம் சத்திரத்துப் பந்தலுக்கு ஆறு தார்ப்பாய். தையல்காரர் சுப்பையாவுக்குப் புது ஊசி. மெழுகு.

மத்தியானம் சாப்பிடப் போனபோது கிணற்றடியில் மைமூன் என் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இந்த ஊர்ல தண்ணிய மேல ஊத்திக்கத்தான் முடியுது. உள்ள போக முடியல." "காவேரி இருக்கே" என்றாள் அக்கா. பிறகு அவளே, "ஆம்பளைங்க நிக்கிற படித்துறையில நாம எங்க எறங்குறது" என்றாள்.

என் மனைவி இவ்வளவு பேசிக் கேட்டு மூன்று மாதம். சித்திரையில் தாய் வீட்டில் பிரசவம். ஆண் குழந்தை. ஒரு பகல் இருந்தது. தந்தி கிடைத்து, திருவாரூர் தாண்டி அவள் ஊருக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாற்பது நாள் கழிந்து வந்தாள். சோறு போடுகிறாள். கேட்டால் பதில். அவ்வளவுதான்.

அவள் வீட்டுக் கொல்லையிலேயே குளம், சுற்றிலும் மதில். சின்ன வயதில் பொழுதுக்கும் அதிலேயே கிடப்பாளாம். மாமியார் சொன்னது.

24, வியாழன்

மச்சானிடமிருந்து, மைமூனின் அண்ணன்தான், கார்டு. ஆகஸ்ட் 10 ஞாயிறு வருகிறார். "தங்கை கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு வரட்டும்." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று எழுதவில்லை. படித்துக் காட்டினேன். "சரி" என்றாள்.

இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டாள் என்று பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதத்தான் முடியும். யாரிடம் போய்ச் சொல்ல?

25, வெள்ளி

ஜும்மா முடிந்து பொன்மலை. ரயில்வே துரை ஒருவர் குடும்பத்தோடு லண்டன் போகிறார், பங்களா சாமான் விற்கிறார். கூடாரத் துணி என்று கேள்விப்பட்டுப் போனேன். கூடாரம் இல்லை, தொட்டி. சண்டைக் காலத்தில் பட்டாளம் தண்ணீர் பிடித்து வைத்த கான்வாஸ் தொட்டியாம். பிள்ளைகள் நீந்துவதற்குத் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறார். வட்டம். சுற்றிலும் இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் துணி பை மாதிரித் தொங்குகிறது. என் நெஞ்சு உயரம். தரையைத் தோண்ட வேண்டாம், கழற்றி மாட்டலாம். துணியைத் தடவினேன், நல்ல நெசவு. பேரம் பேசாமல் வாங்கினேன். இது சுப்பையாவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

துரையின் மனைவி நல்ல தமிழில், "உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?" என்று கேட்டார். குனிந்து போல்ட் கழற்றினேன்.

27, ஞாயிறு

நேற்று தொட்டி பாலக்கரை வீட்டுக்கு வந்தது. குழாய்க்குக் குழாய் நம்பர் போட்டோம், துணிக்குப் போடுகிற சாக்பீஸால். பழக்கதோஷம். வழியில் ஒரு தூறல். நம்பர் பூராவும் போச்சு. சுப்பையா: "பாய், இரும்புல சாக்பீஸ் நிக்காதுங்க." இப்போது சொல்கிறார்.

எந்தக் குழாய் எதற்கு என்று கொல்லையில் இன்று முழுக்க ரகளை. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் நின்றது. கிணற்றில் இறைத்து முக்கால்வாசி நிரப்பினோம். தோள்பட்டை விட்டுப்போச்சு. அக்கா: "ஒரு ஆள் குளிக்க இவ்ளோ பெரிய அண்டாவாடா?"

மைமூன் வந்தாள். கையைத் தண்ணீரில் வைத்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த ஜன்னலை இன்றுதான் பார்க்கிறேன். மடையன்.

30, புதன்

காட்டூர்த் தோப்பு. நம்முடையது, யாரும் வருவதில்லை, கிணற்றில் ஆயில் இன்ஜின் உண்டு. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம். இரண்டு மாட்டு வண்டி. இந்தத் தடவை நம்பர் தாரில்.

தென்னைகளுக்கு நடுவே நிறுத்தி இன்ஜினைப் போட்டோம். பாதி நிரம்பும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. அந்தப் பக்கத் துணி புடைத்துச் சட்டம் முனகுகிறது. தரை சரிவு. திறந்துவிட்டோம். தென்னைக்கு நல்ல பாய்ச்சல்.

சுப்பையா: "அம்மா எறங்குவாங்களா பாய்?" தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சத்திரத்துப் பாய்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம். காவேரிப் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. கீழே இரு கரையும் சனம். தாலிச்சரடு, காதோலை கருகமணி, சித்திரான்னம். ஆற்றில் இத்தனை தண்ணீர், என் வீட்டில் ஒருத்தி செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

திரும்பும்போது தொட்டிக்கு அடியில் பரப்ப ஒரு வண்டி ஆற்று மணல்.

5, செவ்வாய்

மணல் பரப்பி மட்டம் பார்த்தோம். அக்காவின் பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இங்கே வை, அங்கே வை. தாம்பாளமே கோணல் என்று கடைசியில் தெரிந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. வேறு தட்டு. சாயங்காலம் நேராக நின்றது.

6, புதன்

தொட்டியைச் சுற்றித் தார்ப்பாய் மறைப்பு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். கொக்கி, கயிறு எல்லாம் என் கையால். ஊசி நுழைய இடமில்லை. பெருமையாகத் தொட்டிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தால், மேலே தென்னை மரத்தில் காய் வெட்டுகிற ஆள் உட்கார்ந்துகொண்டு, "என்ன பாய், குளியலா?" என்கிறார்.

இந்த மாதம் காய் வெட்டே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

8, வெள்ளி

வெயில். லேசான காற்று. நேற்றே தொட்டியை நிரப்பியாயிற்று.

மைமூனையும் அக்காவையும் ஜட்காவில் கூட்டிப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறைப்புக்கு வெளியே நின்றுகொண்டேன். ஒரு தடவை தண்ணீர்ச் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

அக்கா குரல்: "தம்பி, இவ மேல வரலடா."

செருப்போடு ஓடினேன். எதிர்ப்பக்கம் தலை தெரிந்தது. "ஏன் இப்படி ஓடியாறீங்க? மூச்சுப் புடிச்சுப் பாத்தேன். சின்ன வயசு மாதிரி இன்னும் வருது" என்றாள்.

அக்கா டீ போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு இன்ஜின் கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே டீத்தூளும் இல்லை, அடுப்பும் இல்லை.

மைமூன் மல்லாந்து மிதந்தாள். புடவை சுற்றிலும் விரிந்து கிடந்தது. நான் விளிம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே பார்த்தபடியே சொன்னாள்.

"அவனுக்கு உங்க மூக்கு."

என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கேக்காததுதாங்க கஷ்டமா இருந்துச்சு. எங்க வீட்லயும் யாரும் அவனப் பத்திப் பேசல. இங்கயும் பேசல. அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லாத மாதிரி."

எல்லாம் கேட்டேன். முடி நிறைய இருந்ததாம். கை விரல் நீளம். அவள் விரலைப் பிடித்திருந்தானாம், அஸர் பாங்கு வரைக்கும். என் மகனை இன்றுதான் பார்த்தேன். அழுதேன். அவளும் அழுதாள். டீ வரவே இல்லை.

9, சனி

இன்றும் தோப்பு. நானும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும். சிரித்தாள். சத்தமாகவே. ஒரு தவளை வேறு குடி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் துணிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

10, ஞாயிறு

மச்சான் வந்தார். மாமியார் கொடுத்த பலகாரம், முருங்கைக்காய். சாப்பாடு ஆனதும், "கெளம்பும்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். நான் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, அவள் அம்மாவைப் பார்க்கப் போகிறாள்.

மைமூன் வாசற்படியில் நின்று சொன்னாள்: "இல்லண்ணே. தோப்புல இவங்க எனக்காக ஒரு தொட்டி கட்டிருக்காங்க. அந்தத் தண்ணி வத்துற வரைக்கும் இருக்கேன். வத்தினதும் வரேன், அம்மாட்ட சொல்லுங்க."

மச்சானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னிடம், "எப்ப மாப்ள வத்தும்?" என்றார்.

"வெயிலப் பொறுத்து மச்சான்."

ராத்தங்கிப் போகச் சொன்னோம்.

11, திங்கள்

நல்ல வெயில். மச்சானைக் காலை ரயிலுக்கு ஏற்றிவிட்டு நேரே காட்டூர். இன்ஜின் ஒரு மணி நேரம். விளிம்பு வரை.