பூட்டும் முன் ஒரு குரல்

அன்புள்ள பேத்திக்கு, பாட்டி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழகிய கை. இந்தத் தடவை அதை எழுதாமல் விடுகிறேன். நீ நலமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சரி, சரி என்று சொல்லிவிடுகிறேன். நேற்றும் அப்படித்தான் சொன்னேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

மறப்பதற்கு முன் ஒன்று. நீ அனுப்பிய போட்டோவில், ஆபீஸ் வாசலில் நிற்கிறாயே, அந்தக் கறுப்புக் கோட்டில் நடுப் பட்டன் இல்லை. அவ்வளவு பெரிய ஆபீஸில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா? இந்த உறைக்குள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று தைக்க, ஒன்று தொலைக்க.

நம் காம்ப்ளெக்ஸை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. பக்கத்து ஃபேக்டரி மூடியதும் முதலில் பேங்க் போனது, பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீஸ், பிறகு டைப்பிங் சொல்லிக் கொடுத்த இடம். மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாக விளக்கு அணைந்துகொண்டே இறங்கியது. நீ வேலை பார்க்கிற கம்பெனி இடத்தை வாங்கியதும் மற்றவர்களும் போய், கடைசியில் மிச்சம் இருந்தது ரோட்டைப் பார்த்த என் பட்டன் கடையும், இரண்டாவது மாடியில் பல் செட் செய்கிற பல்லுக்காரரும்தான். இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் உங்கள் கம்பெனியின் பெரிய படம் நிற்கிறது. ‘பழைய கடைத்தெருவுக்குப் புதுவாழ்வு’ என்று போட்டிருக்கிறது. கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் கையில் காப்பிக் கோப்பையோடு நடக்கிற மனிதர்கள். உற்றுப் பார்த்தேன். ஒருத்தர் சட்டையிலும் பட்டன் அறுந்திருக்கவில்லை. நமக்கு அங்கே வேலை இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பல்லுக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “எல்லாம் சொந்தப் பல்லு, நம்ம ஆளுங்க யாருமே இல்ல” என்றார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அவரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ என் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, பல் செட்டுக்கு அச்செடுக்கிற ரோஸ் மெழுகில் துண்டு கிள்ளிக் கொடுப்பாரே, நீ அதில் பொம்மை செய்வாயே, அவர்தான். பல்லைத் தேய்க்கிற மோட்டார் ஓடி ஓடி அவர் காது மந்தமாகிவிட்டது என்பதும் உனக்குத் தெரியும். பூட்டப் போகிறோம் என்று அவருக்குக் காட்டத்தானே மாடிப்படி விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம்.

உன் ஆபீஸில் யாருக்கும் இது தெரியாது, அதனால் எழுதிவைக்கிறேன். காம்ப்ளெக்ஸ் கேட் சாவி எப்போதும் என்னிடம்தான் இருந்தது. வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என் கடையில் தலையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாதவர் உள்ளே இருக்கிறார். பூட்டும் முன் படியடியில் நின்று குரல் கொடுப்பேன். மேலேயிருந்து பதில் வந்தால் காத்திருப்பேன். வராவிட்டால் ஏறிப் போய்ப் பார்ப்பேன். பதில் வராமல் ஒருநாளும் பூட்டியதில்லை.

உனக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது நான் தரையில் நடக்கவில்லை. நூல்கண்டு வாங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். அந்தக் கம்பெனியே நம் காம்ப்ளெக்ஸை வாங்கியபோது, என் பேத்தி இருக்கிற இடம், நம்மை நடுத்தெருவில் விடமாட்டாள், புதுக் கட்டடத்தில் எல்லோருக்கும் கடை உண்டு என்று நான்தான் மாடி மாடியாக ஏறிச் சொன்னேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். அதை நம்பித்தான் மிச்சமிருந்தவர்கள் காலி செய்தார்கள். சாவியைக் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிடு பாட்டி, அதுதான் முறை என்றாய். கொடுத்துவிட்டேன்.

என் கடை கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து இருப்பதால், அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். உள்ளே பல்லுக்காரருக்கு மட்டும் கைவேலை பாக்கி இருந்தது. வாயில் பல் இல்லாமல் காத்திருக்கிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். நான் உனக்குப் போன் செய்தேன். மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும், மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்று நீ சொன்னாய். உன் வாயால் சொன்னது, என் காதால் கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதற்குள் மாடிப்படிக் கரண்டை எடுத்துவிட்டார்கள். இரும்புக் கைப்பிடியை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். மேலே ஆள் இருக்கிறாரே என்று மேனேஜரிடம் போய் நின்றேன். “இன்னும் ரெண்டு வாரம்தானே பாட்டி, சுவரைப் பிடிச்சு இறங்கச் சொல்லுங்க” என்றார். புதிதாக வந்த காவலாளியிடம் நம் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். விளக்கை இரண்டு தடவை போட்டு அணைக்க வேண்டும் என்றேன். விளக்குதான் இல்லையே என்றான். அப்படியானால் மேலே போய்ப் பார்த்துவிட்டுப் பூட்டு என்றேன். கைப்பிடி இல்லாத படி, ஆபத்து, காவலாளி ஏறக் கூடாது என்று கம்பெனி உத்தரவாம். காவலாளி ஏறினால் ஆபத்து. எழுபது வயசுக்காரர் இறங்கினால் ஆபத்து இல்லை.

அது நடந்த அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது மாடி ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அவர் அறைக்கு மட்டும் கரண்ட் விட்டு வைத்திருந்தார்கள். பிறகு நடந்ததைக் காவலாளி அழுதுகொண்டே சொன்னான். கீழே நின்று குரல் கொடுத்தானாம். பதில் வரவில்லையாம். பூட்டிவிட்டானாம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்பது அவனுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு. அவனை நான் திட்டவில்லை.

காலையில் கடை திறக்க வந்தவள் நான். கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். இருட்டில் இறங்கி விழுந்தவர், உயிரில்லாமல் படியின் கீழே கிடந்தார். சட்டைப் பையில் காகிதம் சுற்றிய பல் செட் ஒன்று இருந்தது, யாருக்கோ முடித்துக் கொடுக்க வேண்டியது. அது உடையவில்லை.

நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டடம் காலியாகி ரொம்ப நாளாயிற்று, கிழவர் திருட்டுத்தனமாக உள்ளே போயிருக்கிறார் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், சாவி வைத்திருந்தவள் என்பதால். நேற்று நீயும் அதையே கேட்டாய். இல்லாவிட்டால் உன் வேலை போய்விடும், உன் பெயரும் சேர்ந்து வரும் என்றாய். உன் அம்மா இரவெல்லாம் என்னோடு சண்டை. “செத்தவரு திரும்பி வரப்போறதில்ல, இருக்கிற பிள்ளைய ஏன்மா கெடுக்குற?” என்கிறாள். அவள் சொல்வதும் எனக்குப் புரியாமல் இல்லை.

பல்லுக்காரரின் மகள் வந்திருந்தாள். என்னிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். எங்க அப்பா திருடரா பாட்டி என்று மட்டும் கேட்டாள். நேற்று நீ அழுதபோது சொன்ன சரி அப்போது வாயில் அடைத்துக்கொண்டு நின்றது.

கண்ணு, என் வாயில் இருக்கிற பல் அவர் செய்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும். ஈறு நோகுது என்றால் படி இறங்கி வந்து, கடையிலேயே உட்காரவைத்துத் தேய்த்துச் சரிசெய்து கொடுப்பார். அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு போய், அவர் அங்கே இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. கழற்றி வைத்துவிட்டுப் போனால் நான் சொல்வது யாருக்கும் புரியாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். ஜன்னலில் வெளிச்சம் பார்த்ததைச் சொல்வேன். மாசக் கடைசி வரைக்கும் அவருக்கு அனுமதி இருந்ததைச் சொல்வேன். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் நீயே சொல்லியிருந்தால் என் வாயிலிருந்து அது வர வேண்டியிருக்காது. நேற்று அதை உன்னிடம் கேட்கத்தான் வாயெடுத்தேன், நீ அழுதுவிட்டாய்.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவில்லை. வேலை போனால் வீட்டுக்கு வா. எனக்கும் கடை இருக்காது. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம், உன் அம்மா திட்டட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர்கிறது என்றாயே, கழுத்து வரைக்கும் மூடிக்கொள். பட்டனை நாலு சுற்றுச் சுற்றி அழுத்தித் தை.

கொஞ்ச நாளைக்கு நீ என் போனை எடுக்கமாட்டாய். அதுவும் எனக்குத் தெரியும். நான் தினமும் சாயங்காலம் கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று நினைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முழங்கால் எப்படி இருந்தாலும் ஏறி வந்து பார்ப்பேன்.

தலை நிமிர்ந்து நட, நல்லா இருப்பாய்.

உன் பாட்டி