டேப்பை நகர்த்திய நாட்கள்

மே 6, செவ்வாய்

பத்து ஓட்டம். ஒரு தாவல்கூட இல்லை. அடி தப்பு. டேப்பை ஒரு செருப்பளவு பின்னால் ஒட்டினேன்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு வந்து, ரொட்டியில் சாக்லேட் துகள் தூவி நின்றபடியே தின்றேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் டிசம்பர் ஞாபகம் வந்துவிடுகிறது.

மே 8, வியாழன்

சரி, டிசம்பரை ஒரு தடவை எழுதித் தொலைக்கிறேன். உள்ளரங்கில் கோலைக் குழியில் ஊன்றி மேலே போய்க்கொண்டிருந்தேன், கோல் மூன்று துண்டாக உடைந்தது. மெத்தையில்தான் விழுந்தேன். உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாளே பயிற்சிக்குப் போனேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜனவரியிலிருந்து இதே கூத்து. பதினாறு அடி ஓடுகிறேன், கோலைத் தூக்குகிறேன், பதினாறாவது அடியில் கால் தரையை விடமாட்டேன் என்கிறது. அப்படியே ஓடிப்போய் மெத்தையில் முட்டி நிற்கிறேன். நான், கோலூன்றித் தாண்டுவதில் ஆறு தடவை தேசிய சாம்பியன்!

பயமெல்லாம் இல்லை. ஓட்டம் தொடங்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறிக்கிறோம் அல்லவா, அது சரியான இடத்தில் இல்லை. அதனால் கடைசி அடி தப்புகிறது.

மே 20

அடி தப்பு.

மே 27, செவ்வாய்

என்னோடு பயிற்சி செய்யும் ஃபெம்மி இன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "யோரின், டேப் தீந்துபோச்சுன்னா என்கிட்ட கேளு. இப்படியே பின்னால போனா கார் நிறுத்துற இடத்துலேர்ந்துதான் நீ ஓடி வரணும்."

கழுதைக்கு இருபத்திரண்டு வயது. சிரித்துவைத்தேன். ஜூலை 19 தேசியப் போட்டியில் நான் தாண்டாவிட்டால் பட்டம் அவளுக்குத்தான். பட்டம் போனால் போகட்டும். ஆனால் முப்பத்தொரு வயதில், காலே எழும்பாதவளுக்கு இந்த ஓடுதளத்தில் என்ன வேலை? இது இல்லையென்றால் நான் யார்?

ஜூன் 12, வியாழன்

டேப்பை மறுபடி நகர்த்தக் குனிந்தேன். பயிற்சியாளர் வீபே அதன்மேல் காலை வைத்துக்கொண்டார்.

"விடு யோரின்."

"அடி தப்புது, வீபே."

"தப்பல." சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். மார்ச் மாதத்திலிருந்து, நான் எழும்ப வேண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவி வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என் காலடியை அளந்திருக்கிறார். "டேப்ப நீ எங்க ஒட்டினாலும் உன் கால் சரியா அங்கதான் வந்து விழுது. இரண்டு விரக்கடை கூட மாறல. இருபது வருஷம் ஓடின கால், அதுக்குத் தெரியும்."

"அப்போ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

ஜூன் 13

எப்படிச் சும்மா இருக்கலாம் அவர்? மூணு மாசமா குனிஞ்சு குனிஞ்சு அளந்திருக்காரே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? — கேட்டிருந்தா மட்டும் நான் சொல்லியிருப்பேனா?

ஜூன் 24

பயிற்சிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5, சனி

வீபேயின் மனைவி ஹெர்மாவுக்குப் பிறந்தநாள். போகாமல் இருக்க முடியாது. வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பிறந்தநாளுக்கு வந்தவர்களையும் வாழ்த்துவது எங்கள் ஊர் வழக்கம்; ஹெர்மா பிறந்ததற்கு எனக்கும் பத்துப் பேர் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரு துண்டு கேக்.

ஹெர்மாவின் அக்கா க்ரேட் வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டாள்: "நீ இப்பெல்லாம் தாண்டறதே இல்லையாமே. என்ன ஆச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள். வீபே மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப், அடி, எல்லாம் நாக்குநுனிவரை வந்தது.

"பயமா இருக்கு" என்றேன்.

என் முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"ஓ, அவ்வளவுதானா?" என்றாள் க்ரேட். "எனக்குப் பல் டாக்டர்னா நடுங்கும். அம்பது வருஷமா நடுங்கிக்கிட்டேதான் போறேன். ஹெர்மா, இவளுக்கு இன்னொரு துண்டு கேக் வை."

அந்த வீட்டில் இரண்டாவது துண்டு யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. வைத்தார்கள். அழுதுகொண்டே தின்றேன்.

ஜூலை 19, சனி

முதல் உயரம், மூன்று மீட்டர் எண்பது; மூன்று முயற்சிகள்தான். பதினெட்டு வயதில் நான் சாதாரணமாகத் தாண்டியது. முதல் முயற்சி, மெத்தைவரை ஓடினேன். இரண்டாவதும் அப்படியே. கூட்டத்தில் யாரோ பாவப்பட்டுக் கைதட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவதற்குக் கோலை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். டேப்பைப் பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடினேன். பயமும் கூடவே ஓடி வந்தது. பதினாறு — கால் தரையை விட்டுவிட்டது.

முழங்கால் இடித்துக் குறுக்குக்கம்பி கீழே விழுந்தது. பட்டியலில் என் பெயருக்கு எதிரே உயரமே இல்லை, கடைசி இடம். நான் மெத்தையில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஃபெம்மி நான்கு நாற்பத்திரண்டு தாண்டி ஜெயித்தாள். பதக்கத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆறு தடவை ஜெயிச்சப்போ ஒரு தடவைகூட நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பதினொரு ஓட்டம், எட்டுத் தாவல். மூன்று தடவை பயந்து நின்றேன். அடி சரி.