வியாழக்கிழமை இறந்த அக்கா

ஜூன் 3, ஞாயிறு

என் உயிருக்குயிரான மருமகளுக்கு,

உன் தாய்மாமனும் இந்த வீட்டின் அறிவிக்கப்படாத தலைவனுமாகிய நான் எழுதுவது. நான் நலமா என்று நீ கேட்க வேண்டியதில்லை, தினமும் ஒன்பது மணிக்கு டிவியில் பார்க்கிறாய். உன் நலத்தைத்தான் எந்தச் சேனலிலும் காட்டுவதில்லை, எழுதித் தெரிவி.

போனை இந்தப் போட்டி வீட்டு வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு கடிதம் அனுப்பலாம், வீட்டிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளலாம். போவதையும் வருவதையும் கிராப்புத் தலைப் பெண் ஒருத்தி படித்துப் பார்த்து முத்திரை குத்துவாள். அதனால் ரகசியம் எதுவும் எழுதாதே. எழுதினாலும் பாதகமில்லை, அவள் என் ரசிகை.

வீடு பிரமாதம். செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தேன், அட்டை. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வானம் துணி. பழக்கூடையில் இருப்பதெல்லாம் மெழுகு. ஒரு ஆப்பிளில் கடித்த அடையாளம் இருக்கிறது, அது நானில்லை. என் பல் வரிசையோடு பொருந்துகிறதாம், இவர்களுக்கு வேறு வேலை இல்லை.

பத்துப் பேர் இருக்கிறோம். மருந்துக்கடைக்கார அம்மா, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பாதிப் பேர் படித்தவர்கள். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பை மூன்று வருஷம் ஆழ்ந்து படித்தவன் நான் ஒருவன்தான். லிஃப்ட் மெக்கானிக் என்றால் என்னவென்று கேட்டார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்ற லிஃப்டை ஒற்றை ஆளாக இறக்கிய கதையைச் சொன்னேன். சொல்லும்போது வாய் தானாக ஒரு சைபரைச் சேர்த்துக்கொண்டது. நூற்றிருபது மாடி என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இப்போது என்னை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வரும் வியாழக்கிழமை தவறாமல் பார். ‘துக்கச் சுற்று’. விளக்கைக் குறைத்து, ஆளுக்கு ஒரு துக்கத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லி முடித்தபோது கேமராக்காரனே மூக்கை உறிஞ்சினான். உன் அம்மாவையும் பார்க்கச் சொல். நாலு வருஷமாக என்னோடு பேசாதவள்தான். டிவியில் பார்த்தால் பதில் பேச வேண்டிய கஷ்டம் இல்லையே.

இப்படிக்கு,
உன் மாமா
(மக்கள் வாக்கில் ஏழாம் இடம். சீக்கிரமே மாறும்.)


ஜூன் 8, வெள்ளி

மாமாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் புதுத் தாள் எடுக்கவில்லை.

அம்மாவைக் கொன்றுவிட்டீர்கள். நேற்று இரவு ஒன்பது இருபதுக்கு. அம்மா அப்போது சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். “எங்கக்கா ஆபரேஷன் டேபிள்லயே கண்ணை மூடிட்டா. நான் கதவுக்கு வெளியே நின்னுட்டே இருந்தேன்” என்கிறீர்கள். பின்னால் சோக இசை. கீழே எழுத்து ஓடுகிறது: ‘தாயாக இருந்த அக்கா... இன்று இல்லை.’ மருந்துக்கடைக்கார அம்மா உங்களைக் கட்டிக்கொண்டு கதறுகிறார்.

காலையில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். அம்மாவே கதவைத் திறந்தாள். அவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. “எப்ப ஆச்சு?” என்று கேட்டுவிட்டார். “நேத்து ஒன்பது இருபதுக்கு” என்றாள் அம்மா. என் கண்ணாடிக் கடை முதலாளி மூன்று நாள் துக்க விடுப்புக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் சார் என்றால், “என்ன தைரியமான பொண்ணு!” என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அம்மா புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு தடவை போய்வந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. காய் வாங்கப் போகிறேன் என்றேன். “செத்தவளுக்கு எதுக்குடி காய்?” என்றாள்.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் நேற்று நீங்கள் அழ ஆரம்பித்ததும் அம்மா உரித்த பட்டாணியைத் தோல் கிடந்த பாத்திரத்திலேயே கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சிரிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஏன் பேசுவதில்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் தோண்டியதில்லை. இப்போது கேட்கிறேன். உயிரோடு இருக்கிற அக்காவைச் சாகடிக்கிற அளவுக்கு என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
திடீரென்று தாயை இழந்த உங்கள் மருமகள்


ஜூன் 10, ஞாயிறு

கோபக்கார மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கிராப்புத் தலைப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்துதான் தந்தாள். உன் எழுத்து நடை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எல்லாம் என் ரத்தம்.

கண்ணு, நீ விஷயத்தைச் சரியான கோணத்தில் பார்க்கவில்லை. என் நிலைமையை யோசி. ஒருவர் தீ விபத்தைச் சொல்கிறார், இன்னொருவர் தொலைந்துபோன பிள்ளையைச் சொல்கிறார். என் முறை வருகிறது. எனக்கென்று சொந்தமாக ஒரு துக்கம்கூடக் கிடையாது. மாடிப்படியில் விழுந்து பல் உடைந்ததைச் சொல்ல முடியுமா? வாயைத் திறந்தேன், அது வந்தது. மற்றபடி உன் அம்மா நூறு வயசு இருப்பாள். டிவியில் ஒரு தடவை செத்தால் ஆயுசு கெட்டி என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

பேசாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. அவளுக்கு முன்கோபம், எனக்குப் புகழ். அவ்வளவுதான்.

அது போகட்டும். நேற்று இந்த வீட்டுக் குளியலறைக் கதவு இறுகிவிட்டது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் உள்ளே மாட்டிக்கொண்டார். வெறும் கரண்டியை வைத்து நாலு நொடியில் திறந்தேன். ஒளிபரப்பில் பன்னிரண்டு நிமிஷம் ஆனதுபோலக் காட்டுவார்கள். எல்லாம் எடிட்டிங். நம்பாதே.

இப்படிக்கு,
உன் மாமா
(இரண்டாம் இடம்! பார்த்தாயா?)


ஜூன் 13, புதன்

அன்புள்ள மாமா,

இந்த முறை அடிக்கவில்லை.

என் கடிதத்தை அவர்கள் படித்துவிட்டார்கள். நேற்று உங்கள் நிகழ்ச்சியிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரும்போதே அம்மாவின் காலிலிருந்து தலைவரை படம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். இருபத்துமூன்றாம் தேதி குடும்பத்தார் உள்ளே வருகிற நாளாம். உங்களிடம் சொல்லாமல் அம்மாவைக் கதவைத் திறந்துகொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார்கள். “அவங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா, ஒரு அறை விட்டாலே போதும்” என்கிறார் ஒருவர். தப்பு என் மேல்தான், அவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தும் கோபத்தில் எழுதிவிட்டேன். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அழுதானே, அது நடிப்பா?” நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு சைபர்கூடச் சேர்க்காமல்.

இருபதாம் தேதி நான் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன், பத்து நாள். அதற்கு முன்னால் எழுதுங்கள்.

உங்கள்
மருமகள்


ஜூன் 17, ஞாயிறு

கண்ணு,

உன் கடிதத்தில் பதினாலு வரியைக் கறுப்பு மையால் பூசித் தந்தார்கள். பதினாலு இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பது. விளக்கில் காட்டியும் தெரியவில்லை. உன் அம்மா கேட்ட கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. பதில் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு நீ பரீட்சையில் இருந்தாய். உன் அம்மாவுக்கு நுரையீரலில் ஆபரேஷன். தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, “எங்கேயும் போயிடாதடா” என்றாள். “இங்கயே நிக்கறேன்க்கா” என்றேன். கதவு மூடியது. ஏழு நிமிஷம் நின்றேன். முப்பது வருஷம் இருட்டுக் குழிக்குள் லிஃப்டுக்கு அடியில் படுத்து வேலை செய்தவன் நான், இது நிஜம், யாரை வேண்டுமானாலும் கேள். அந்தக் கதவுக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. லிஃப்ட் இருந்தும் படி வழியாக இறங்கி ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் தலைக்குள் அவள் செத்துவிட்டாள். உனக்கு எப்படிச் சொல்வது, அவள் துணிமணிகளை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். பிறகு போன் வந்தது, பிழைத்துவிட்டாள் என்று.

ஓடிப்போய், கண் திறந்தவளிடம், “கூடவே நின்னேன்க்கா, ஒரு அடி நகரலை” என்றேன். அதற்குள் நர்ஸ் சொல்லியிருக்கிறாள், நடுவில் கையெழுத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டோம், உங்க ஆள் யாருமே இல்லை என்று. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

டிவியில் நான் சொன்னது அந்த பஸ் நிறுத்தத்தில் பார்த்ததை. கதை பொய். கதவுக்கு வெளியே நின்றேன் என்றது பெரிய பொய். அழுகை பொய் இல்லை.

இதையே நேற்று தனியறையில் கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னேன். ஒலிபெருக்கியில் பதில் வந்தது: “சார், போன தடவை மாதிரி வரலையே. அது எவ்வளவு இயல்பா இருந்துச்சு! இது நம்பற மாதிரி இல்லை. போடறது கஷ்டம்.” வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல் பேசினேன். எடுபடவில்லை.

இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. கையில் கொடுத்துவிடு. பாதியில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் அவளே நிறுத்திக்கொள்ளட்டும்.

மாமா


ஜூன் 26, செவ்வாய்

பயிற்சியில் முதலிடம் பிடிக்கப்போகும் மருமகளுக்கு,

உங்கள் வீட்டுச் சமையலறை மேஜையிலிருந்து உன் மாமா. ஆம், வெளியே வந்துவிட்டேன். போனில் சொல்லிவிடலாம் என்றேன். “போன்ல நீ அளக்கறதை யாரு பிடிக்கிறது? காகிதத்துல எழுது, நான் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன்” என்கிறாள் உன் அம்மா. அவள் கையிலும் ஒரு பேனா இருக்கிறது.

(இருக்கிறது. — அம்மா)

நீ சனிக்கிழமை பார்த்தது நாற்பது நொடி. புகை, உன் அம்மா, திறந்த என் வாய், விளம்பரம், ‘சீஃப் வெளியேறினார்’. நடந்தது வேறு. எங்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். கதவு திறந்தது. மலை மலையாக மெஷின் புகை! அதற்கு நடுவில் உன் அம்மா, மகாராணி மாதிரி நடந்துவருகிறாள். என்னை மன்னித்துக் கட்டி அணைக்கத்தான் வந்தாள்.

(சண்டை போடத்தான் போனேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏழு நிமிஷம் நின்றவனுக்கு எட்டாவது நிமிஷம் என்ன கேடு என்று கேட்க நினைத்தேன். — அம்மா)

புகை அவளுக்கு ஆகவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. ஐம்பது தடவை இருமினாள்.

(ஐந்தாறு தடவை. ஆனால் மூச்சு வாங்கியது உண்மை. — அம்மா)

டாக்டரைக் கூப்பிட்டு அவளைப் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனார்கள். அந்த வழியில் தரையில் மஞ்சள் கோடு. போட்டியாளர் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. “சீஃப், கோட்டைத் தாண்டாதீங்க” என்று ஒலிபெருக்கி அலறுகிறது. நான் நிமிர்ந்து நின்று, “உங்கள் பரிசும் வேண்டாம், புகழும் வேண்டாம்!” என்று முழங்கிவிட்டுத் தாண்டினேன்.

(ஒன்றும் முழங்கவில்லை. “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது, திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தான். — அம்மா)

அறைக்குள் என்னை விடவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். மூக்கில் குழாய் வைத்து மூச்சு சீராகும்வரை யாரும் வரக்கூடாது என்றார் டாக்டர். நான் வெளியே நின்றேன். கண்ணு, அந்த நடைவழியில் ஒரு கேமராகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், மூலையில் வெறும் ஒட்டடைதான். ஒருவன் வந்து, “சார், உங்க பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றான். அப்புறம் என்றேன். ஒன்றை மறைக்கப்போவதில்லை. படி எங்கே இருக்கிறது என்றுகூட ஒரு தடவை கண் தேடியது. ஆனாலும் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. என் வாழ்க்கையின் உருப்படியான காட்சிக்குச் சாட்சி கிடையாது.

(ஒன்றேகால் மணி நேரம்தான். கதவுக்குக் கீழே ஒரு விரல் அளவு சந்து இருந்தது. படுத்த இடத்திலிருந்து இவன் செருப்பு இரண்டும் தெரிந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரே ஒரு தடவை கால் மாற்றி நின்றான். அதை எழுதவில்லை பார். — அம்மா)