மேடையேறும் முன் ஒரு அரகரா

என் அன்பு மச்சாள்,

நீங்கள் போன பிறகுதான் உங்களிடம் கேட்க எனக்கு இவ்வளவு கேள்விகள்!

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என் பொறுப்பு. வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவள் இதையும் பிசகாமல் எழுதுவாளாம். ஆனால் உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், முதலே சொல்லிவிட்டார்.

"வங்கியிலை வேலை செய்தவ எண்டு போடும். கிளப்பிலை பாடினதெல்லாம் வேண்டாமப்பா. கோயில் சனமெல்லே வாசிக்கப் போகுது."

வங்கி உங்கள் பகல் மட்டும்தானே? சிட்னியில் சோல் இசைக்குழுவொன்றை முன்னின்று நடத்திய முதல் தமிழ்ப் பெண் என்பதை நான் எங்கே எழுதுவது? படிக்க வந்த இடத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தப் பாட்டு உங்களை எப்படிப் பிடித்துக்கொண்டது? தேவாரத்தில் உருகுகிற எனக்கு அதை அறிய ஆசையாக இருக்கிறது.

எட்டுச் செலவன்று, போனவருக்குப் பிடித்ததைப் படைக்கும் அந்த எட்டாம் நாளில், பீற்றர் வந்தார். உங்கள் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர். கதிரை கொடுத்தும் இருக்காமல், எங்களோடு நிலத்தில் சம்மணம் கட்டினார். உங்களுக்குப் பிடித்த மீன் பொரியலும் இறால் வடையும் படைத்து, தேவாரம் பாடி முடித்தோம். உங்கள் சித்தப்பா, "நம பார்வதி பதயே" என்றார்.

நாங்கள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பீற்றர் வீடு அதிர, "அரகர மகாதேவா!" என்றார்.

என் மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டு, எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "ஒவ்வொரு முறையும் மேடைக்கு ஏற முதல் மாமி முதல் பாதியைச் சொல்லுவாவாம், இவையள் மிச்சத்தைக் கத்துவினமாம். தமிழர் எந்த வேலை தொடங்கினாலும் இப்பிடித்தான் கத்துறது எண்டு இவர் நினைச்சவராம்!"

மெல்பேர்னில் ஒருமுறை மைக் நின்றுபோக, கேட்க வந்த கூட்டத்துக்கே சொல்லிக்கொடுத்துக் கத்த வைத்தீர்களாமே? அர்த்தம் சொல்லாமல் விட்டது குறும்பா, மச்சாள்? அல்லது, கால் நடுங்கிய நேரத்தில் அது உங்களுக்கு மட்டுமான துணையா?

உங்கள் தம்பி மெல்லச் சொன்னார்: "கோயிலுக்கு வாறேல்லை எண்டு அக்காவோடை எத்தனை தரம் சண்டை பிடிச்சிருப்பன்... பாடகி எண்டு போடும். முதல் வரியிலையே போடும்."

போட்டுவிட்டேன். முப்பத்தோராம் நாள், வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் உங்கள் குழு உங்கள் பாட்டுகளை வாசிக்கப்போகிறது. முதல் பாதியைச் சொல்ல இப்போது ஆளில்லை என்று பீற்றர் கவலைப்பட்டார். நான் சொல்லுவேன், மச்சாள். குரல் நடுங்கினாலும் சொல்லுவேன்.

உங்கள் பாட்டை முதன்முதலாகக் கேட்கக் காத்திருக்கும்,
தம்பி பெண்சாதி,
சிவகாமி