நந்தரிவத்து வளைவில் நிற்காத வண்டி

பாய்,

இன்று காலை வண்டியின் எண்ணெய்க் கூலரைக் கழுவினேன். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. தவுவா ஊர் முழுக்கத் தோட்டங்களைக் கொளுத்துகிறார்கள். கரி பறந்து வந்து கூலரின் தகடுகளுக்குள் அடைத்துக்கொள்கிறது. முன்பக்கம் தண்ணீர் அடித்தால் கரி இன்னும் உள்ளே போய்விடும், பின்பக்கமிருந்துதான் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். சூடான எண்ணெயும் நனைந்த கரியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம் வந்தது. செத்துப்போன மனுசன் மேல என்ன கோபம் என்று செல்வி இங்கே இருந்தால் கேட்டிருப்பாள். இருக்கிறது. வருசக்கணக்காக இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீங்கள் விஞ்ஞானம், உங்கள் பாட்டனார் கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர். நான் கணக்கு, காரைக்குடியிலிருந்து இந்தத் தீவுக்கு ஒப்பந்தத்தில் விமானத்தில் வந்தவன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இந்திதான் பேசினார்கள். தமிழ் உங்கள் அம்மாவோடு போய்விட்டது, மிச்சம் இருந்ததை என்னிடம் செலவழித்தீர்கள். நான் வாயைத் திறந்தாலே, "இன்னா வாத்தியாரே, ரேடியோ மாதிரி பேசறே" என்று சிரிப்பீர்கள்.

சனிக்கிழமைகளில் உங்கள் பழைய நாலு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் நந்தரிவத்து மலைக்குப் போவோம். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. ஓடும்போது அடிக்கிற காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். அந்தச் சரளைக்கல் ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து போகும்போது காற்று எங்கிருந்து வரும்? பாதி மலையில், பைன் மரங்கள் நிற்கும் வளைவில், எஞ்சின் அடுப்பாகக் கொதிக்கும். நிறுத்திவிடுவீர்கள். "ஆறட்டும், பைட்டோ" என்று உட்காரச் சொல்வீர்கள். நீங்கள் ஒரு கல்லில், நான் ஒரு கல்லில். எனக்கும் செல்விக்கும் நடக்கும் புருசன் பெண்டாட்டிச் சண்டை, உங்கள் மகளுடைய படிப்பு, குத்தகை முடிந்த உங்கள் அண்ணனின் கரும்பு நிலம் எல்லாவற்றையும் அங்கேதான் பேசினோம். பள்ளிக்கூடத்தில் நாம் அப்படிப் பேசியதில்லை. வண்டி சூடாகாமல் இருந்திருந்தால் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில், இந்தியர் தலைமையிலான அரசைக் கவிழ்க்க நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதே நம் ஆட்களில் பாதிப் பேர் வெளிநாடு போயிருந்தார்கள். மீதிப் பேரும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். விசா கைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும், காரியம் கெட்டுவிடும் என்று பயம். கடைசி வாரத்தில் ஆட்டுக்கறி விருந்து, கட்டிப்பிடித்து அழுகை, பிறகு பக்கத்துவீட்டுக்காரர் கையில் ஒரு வீட்டுச் சாவி. உங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் அப்படி எத்தனையோ சாவிகள் தொங்கின. அவற்றைப் பார்த்து நீங்கள் திட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "சாவிய மட்டும் குடுக்கறானுங்க. ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னா இன்னா கொறஞ்சா போயிடும்? நாம இன்னா அவனுக்கு அந்நியமா?"

அந்த வெட்டுக் காலத்தில்தான் கூலர் வேலையைத் தொடங்கினீர்கள். வரதோலியில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டு முற்றத்தில், சருகு மூடிக்கிடந்த காரிலிருந்து கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் சின்னக் கூலரைக் கழற்றினோம். ஆக்லாந்துக்குப் போயிருந்த வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எடுத்தீர்கள். எண்ணெய் வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பொருத்தும் தகட்டை வத்துக்கோலா சுரங்கப் பட்டறையில் கடைந்து வாங்கினீர்கள். கரண்ட் முறைவைத்து வந்த வாரங்கள் அவை. கைத்துளைப்பானால் இரும்புப் பட்டியில் ஓட்டை போட்டு, ஹெட்லைட்டுக்குக் கீழே கூலரை மாட்டி, சரளைக்கல் அடிக்காமல் இருக்க ஜன்னல் கொசுவலையை வெட்டி முன்னால் கட்டினோம்.

"இத்தனை வருசம் இது இல்லாமத்தானே பாய் ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"ஓட்டற ஆளப் பொறுத்துது. நீ ஏத்தத்துல கியர் மாத்தாம முறுக்கினே இருப்பே. வண்டி தாங்காது."

வழக்கமான கிண்டல் என்று சிரித்தேன். ஹோஸ் உரசுகிறதா என்று பார்க்க என்னை ஏறி உட்காரச் சொல்லி, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பச் சொன்னீர்கள். கிளட்ச் பிடியை என் விரலுக்கு எட்டும்படி தள்ளி வைத்தீர்கள். சீட்டைக்கூட என் காலுக்குத் தக்கபடி இறக்கினீர்கள். உங்கள் காலோ என் காலைவிட நீளம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் தினமும் ஒரே பேச்சுதான். ஊருக்குத் திரும்புவதா, ஒப்பந்தத்தை நீட்டுவதா? செல்வி பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துவைத்திருந்தாள். நான் அவளிடம் சொன்னேன்: "பாய் வண்டிக்குக் கூலர் மாட்டிக்கிட்டு இருக்காரு. போற ஆளு இந்த வேலையெல்லாம் செய்வாரா?" "பாய் அண்ணன் இருக்காகன்னா நாமளும் இருந்துருவோம்" என்று பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். மறுநாள் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் சொல்லவும் செய்தேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "அச்சா" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் பதில்.

அடுத்த சனிக்கிழமை சோதனை ஓட்டம். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்தீர்கள். நான் முறுக்கிய முறுக்குக்கு வண்டி முனகக்கூட இல்லை. பைன் மர வளைவு வந்ததும் பழக்கத்தில் பிடியைத் தளர்த்தி, "நிறுத்தவா பாய்?" என்றேன்.

"வாணாம், போ. எஞ்சின் நல்லாத்தான் கீது. இன்னாத்துக்கு நிக்கணும்?"

நிற்காமல் உச்சிவரை போனோம். அங்கே காற்று ஊளையிட்டது, பேச முடியவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

நீங்கள் பிரிஸ்பேன் போகப்போகிறீர்கள் என்பதை மளிகைக் கடைக்காரர் எனக்குச் சொன்னார். "மாஸ்டர்ஜி, உங்க தோஸ்த் விருந்துக்கு எவ்வளோ அரிசி அனுப்பணும்?" என்று கேட்டார். அரிசிப் பேச்சில் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டீர்கள். "பாத்துக்க வாத்தியாரே" என்றீர்கள். ஆணியில் தொங்கிய சாவிகளையும் ஒரு வளையத்தில் கோர்த்துக் கொடுத்தீர்கள். நான் சாப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

செல்வி அந்த வருசக் கடைசியில் எங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போட்ட நான் இங்கே மாட்டிக்கொண்டேன். "உங்க பாயிக்கு ஒரு வார்த்த சொல்ல வாயில்லாமப் போச்சு" என்று விமான நிலையத்தில் சொன்னாள். அதன் பிறகு எங்களுக்குள் எதுவும் பழையபடி ஆகவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் நான் போகவில்லை. போய் நிற்க வீடு என்று ஒன்று இருந்ததாகத் தோன்றவில்லை. நீங்கள் பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்தீர்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள். எண்ணெய் மாற்றினாயா, ஹோஸ் கசிகிறதா, வலை கிழிந்துவிட்டதா. நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

போன மாதம் உங்கள் மகள் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் வராது, என் இந்தி அரைகுறை, இங்கிலீஷில் சொன்னாள். அடக்கம் முடிந்துவிட்டதாம். பிறகு தயங்கித் தயங்கி இதையும் சொன்னாள்: உங்கள் விசா அந்த வருசம் ஜூன் மாதமே வந்துவிட்டதாம். கூலரைத் தொடங்கும் முன்பே. "அங்கிள் ரொம்ப முரட்டுத்தனமாக ஓட்டுவார், தான் போனபின் வண்டி வழியில் நின்றால் தனியாக என்ன செய்வார் என்று அப்பா கவலைப்பட்டார்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள், பாவம். நான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னபோது அந்த விசா உங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. வண்டி வழியில் நின்றுவிடுமே என்று யோசித்த மனுசனுக்கு என்னைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லையா, பாய்? கண் பட்டுவிடும் என்று பயந்தீர்களா? என் கண்ணா படும்?

கூலர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஒரு குறை சொல்ல முடியாது. எந்த வெயிலிலும் எஞ்சின் கொதிப்பதில்லை. மலை உச்சிவரை நிற்காமல் போகலாம்.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் பைன் மர வளைவில் நிறுத்துகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு, முன்பெல்லாம் வண்டி ஆற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் என் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கல்லில் ஹெல்மெட்டைக்கூட வைப்பதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல நீங்கள் வந்தால், உட்கார இடம் வேண்டுமே.