மேசைக்கு அடியில் அம்மாவின் பெட்டி

நாகலூர்,
16-2-1986.

அன்புள்ள தேவிக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளை ஜேசுதாஸும் குழந்தையும் சுகமென்று உன் கடிதம் சொன்னது. கடிதம் வந்து சேர எடுத்துக்கொண்ட நாட்களிலும் அந்தச் சுகம் அப்படியே நீடித்திருக்க ஆண்டவர் அருள் செய்திருப்பார். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

இந்த வீட்டின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு முடிவு சென்ற மாதம் எடுக்கப்பட்டது. அம்மாவின் தகரப் பெட்டியை அவள் கட்டிலடியிலிருந்து அப்புறப்படுத்தி என் எழுத்து மேசைக்கு அடியில் வைப்பது என்பதே அது. எடுத்த எடுப்பில் செய்துவிடவில்லை, எல்லாத் தரப்புக் கருத்தும் கேட்கப்பட்டது. பெட்டி கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று ஏற்காட்டு டாக்டர் கருத்துத் தெரிவித்தார். பரண்மேல் போடலாம் என்று நமக்குச் சமைத்துப் போட வரும் வேலம்மாள் சொன்னாள், பரணில் எலி இருப்பதாக நான் ஆட்சேபித்தேன், எஸ்டேட் குடோனில் வைக்கலாம் என்று நானே முன்மொழிந்து நானே தோற்கடித்தேன். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நான் பேசுவதைக் கேட்டு அலுத்துப்போன வேலம்மாள், அய்யா யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் பொட்டி தானா நடந்து சேலம் போய்ச் சேந்துருமுங்க என்றாள். கடைசியில் மேசைக்கு அடி என்று தீர்மானமாயிற்று, நான் அங்கேயே உட்கார்ந்திருப்பதால் காவலுக்கும் ஆயிற்று, செலவும் இல்லை.

இதற்குக் காரணம் உனக்குப் பாதி தெரியும், மாப்பிள்ளைக்கும் நீ படித்துக் காட்டுவாய் என்பதால் முழுவதும் எழுதுகிறேன். இரண்டு வருஷமாக அம்மா நாங்கள் அந்தக் காலத்தில் இருந்த நாடகக் கம்பெனியில்தான் இருக்கிறாள். கம்பெனி கலைந்ததும், எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு நான் மலையேறி வந்ததும், எஸ்டேட்காரர்கள் அதைத் தங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டு எனக்கு ரைட்டர் வேலை கொடுத்து ஆள் வருகை எழுத வைத்ததும், அதிலிருந்து ஓய்வு பெற்றதும் எதுவும் அவள் நினைவில் இல்லை. பனி இறங்கும் நேரமானால் அவளுக்கு மறுநாள் காலை ஊர் மாற வேண்டும். பெட்டியை இழுத்து நடுவில் போட்டுக் கட்ட ஆரம்பிப்பாள், முதலில் உன் கைக்குழந்தைக் காலத்து மஞ்சள் கம்பளிக் குல்லாய், அப்புறம் புடவைகள், அப்புறம் பவுடர் டப்பா. ஏனுங்க, அடுத்த ஊரு எதுங்க என்று கேட்பாள். நான் ஒரு ஊரைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன், துறையூர் என்றால், துறையூருல இப்பத்தானுங்களே ஆடிட்டு வந்தோம், அங்க கொட்டாயி ஒழுகுமே என்று பிடித்துக்கொள்வாள். ஆகையால் பழைய முகாம்களை வரிசைப்படி நினைவுக்குக் கொண்டுவந்து, ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர் என்று லாரி போகக்கூடிய பாதையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பத்திரிகைக்கு எழுதுவதைவிட இதில் அதிகக் கவனம் தேவைப்பட்டது. மழைக் காலத்தில் மட்டும் சுலபம், மழையால் ஆட்டம் ரத்து என்றால் ஒத்துக்கொள்வாள், ஏற்காட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

அம்மா என்னை விசாரிக்கிறாளா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். விசாரிப்பது பெட்டி கட்டும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் அவளுக்கு மகள் என்ற பேச்சே கிடையாது. பெட்டியைத் திறந்துவிட்டால் தேவிப் பாப்பா தூங்கிடுச்சுங்களா, லாரியில காத்தடிக்கும், காதோட சேத்துக் கட்டுங்க என்று உன் பெயராகவே வரும். தூங்கிவிட்டது என்று சொல்வேன். அந்த நேரத்தில்தான் சாப்பிடவும் செய்வாள், ஊர் மாறும் நாளில் வயிறு காலியாக இருக்கக் கூடாதென்பது கம்பெனிப் பழக்கம். மே மாதம் நீ குழந்தையோடு வரும்போது அந்தச் சாயங்கால நேரமாகப் பார்த்து அவள் முன்னால் உட்கார், பாப்பாவைத் தெரிந்துகொள்வாள் என்று போன கடிதத்தில் நான் எழுதியது இதை நம்பித்தான்.

பொங்கல் கழிந்த மறு வாரம் நான் கட்டுரை ஒன்றில் மூழ்கியிருந்தபோது அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டே ரோட்டுக்குப் போய்விட்டாள். வழியில் அது காலில் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, அதோடு பஸ் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் வேடியப்பன் தங்கமான ஆள், ஏற்காடு பஜாரில் இறங்கவிடாமல் டீ வாங்கிக் கொடுத்து அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். ஏனுங்கய்யா, டிக்கெட்டக் கம்பெனி பேருல போட்டுக்கச் சொல்றாங்க, அது எந்தக் கம்பெனிங்க, சேலத்துல இருக்குதுங்களா என்று மரியாதையாகக் கேட்டான். அது இப்போது இயங்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அன்று முதல்தான் பெட்டி விவாதத்துக்கு வந்தது.

பெட்டியை மாற்றிய மறுநாள் பத்திரிகையிலிருந்து அடுத்த கட்டுரையை உடனே அனுப்பும்படி தந்தி வந்தது. ஊர் ஊராக நாடகம் போட்ட காலத்தைப் பற்றி நான் எழுதிவரும் தொடர்தான், நீ படிக்கவில்லை என்று தெரியும், குற்றமில்லை. கம்பெனி ஆட்களை வேலையை விட்டு நீக்கும் முறையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் முதலாளி கண்ணியமானவர், யாரையும் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டாதவருடைய பெட்டியை மட்டும் ஊர் மாறும் நாளுக்கு முன்பே ஆள் வைத்து எடுத்து ஆபீஸ் அறையில் தம் மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். காலையில் லாரி வரும், எல்லார் பெட்டியும் ஏறும், அது ஏறாது. பெட்டி ஏறாதவர் தாமும் ஏறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், கேள்வி கேட்பது கிடையாது. பட்டுக்கோட்டை முகாமில் நாயகி வேஷம் போட்ட வள்ளிக்கு அப்படி ஆயிற்று. மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்து, முதலாளியைக் கும்பிட்டு, டிபன் கேரியரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அம்மா வெகு காலம் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள், நீ அப்போது மடிக்குழந்தை. இதையெல்லாம் நகைச்சுவை குறையாமல் எழுதிக்கொண்டு போனேன். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்ததால் கால் இரண்டையும் பெட்டிமேல் வைத்திருந்தேன், உயரம் சரியாக இருந்தது. முதலாளியின் கண்ணியத்தைப் பற்றி ஒரு வாக்கியம் நன்றாக அமைந்தது, அதை எனக்கே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிக்கொண்டு தலை நிமிர்ந்தேன்.

அம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியாது. முந்தானையைச் சரிசெய்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை இரண்டையும் கூப்பி, "சரிங்க. தேவிப் பாப்பா உங்ககூடவே கம்பெனில இருக்கட்டுங்க. பாலுக்கு மட்டும் போற ஊருல சொல்லி வெச்சிருங்க" என்றாள். பிறகு திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். லாரி வருகிறது, அடுத்த ஊர் ஆத்தூர் என்றேன். ஆத்தூரில் நல்ல கொட்டகை என்றேன். முதலாளி எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும் ஆதலால் அவர் குரலிலும் பேசிப் பார்த்தேன், பெரிய வேஷம் ஒன்று அவளுக்காக ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றாள், பேச்சு முடிகிறவரை நின்று கேட்டாள், முடிந்ததும் மறுபடி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் வேலம்மாள், ஏனுங்கம்மா, பொட்டி கட்டலீங்களா, பஸ்ஸு போயிரப்போகுது என்று வேடிக்கையாகக் கேட்டாள், அதற்கும் சிரித்தமாதிரி தெரியவில்லை. பெட்டி கட்டிலடியில்தான் இருக்கிறது, அவள் கால் அதில் படாமல் எட்டத் தள்ளி உட்காருகிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். சாயங்காலம் விளக்குப் போடும்போது நானாகவே அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன், பெரம்பலூர் முடிந்து அரியலூர் வந்துவிட்டது.

மற்றபடி விசேஷம் இல்லை. கால் நகம் புதிதாக முளைத்து வருகிறது. டாக்டர் வந்து பார்த்து, ரோட்டுக்குப் போவது நின்றுவிட்டதால் நல்ல முன்னேற்றம் என்றார். வேடியப்பன் பஸ்ஸை நிறுத்தி அம்மா சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகிறான். எஸ்டேட்டில் கடைசி எடுப்பு நடக்கிறது, களம் முழுக்கக் காப்பிப் பழம் காய்வதால் வீட்டுக்குள் புளித்த வாடை, ஜன்னலைச் சாத்தினாலும் போவதில்லை. கட்டுரை அச்சாகி வந்துவிட்டது, தொடரில் இதுதான் சிறந்தது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார், வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரு பிரதி தனித் தபாலில் அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்குக் கொடு.

நீ லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, மே மாதத்து ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. சேலத்தில் இறங்கினதும் ஜீப்காரர்கள் மொய்ப்பார்கள், நீ பஸ்ஸிலேயே வா, வேடியப்பனிடம் சொல்லி வைக்கிறேன். கீழே வெயிலாக இருக்கிறதென்று குழந்தைக்குக் கம்பளி எடுக்காமல் வந்துவிடாதே, இங்கே சாயங்காலத்தில் குளிரும். வெந்நீர் மட்டும் கொடு. மாப்பிள்ளையை உருக்காலையில் நெருப்புப் பக்கம் ஜாக்கிரதையாக நிற்கச் சொல். நான் எழுதியபடி சாயங்கால நேரத்துக்கு வந்து சேருவதாகத் திட்டம் போட்டிருந்தால் அப்படித்தான் என்றில்லை, எந்த பஸ்ஸில் வந்தாலும் சரி.

உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் நிழலில் வைத்துக் காப்பாராக. அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
ஞானசுந்தரம்

பி.கு. உங்கள் மூவரின் துணிமணி வைக்க வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டிருந்தாய். அம்மாவின் பெட்டி காலியாக இருக்கிறது.